மாதிரி எண் பதினேழு

இரும்பு படக்கூடாது என்று
மூங்கில் சிம்பால் தோண்டினேன்.
வேடியம்மாள் சிரித்தாள்:
"மம்பட்டி படாத மண்ணு
இந்தச் சேலத்துல எங்கம்மணி இருக்கு?"

கருப்பூர் தாண்டி, பெயர்ப்பலகை இல்லாத திருப்பம்.
வெள்ளைக்கல் எடுத்த குழி
முப்பது வருஷம் வாய் திறந்து கிடந்தது.
ஆடு விழுந்தது, ஒரு தீபாவளி ராத்திரி
பால்காரரின் மொபெட் விழுந்தது.
பிறகு மேட்டூர்ப் பக்கமிருந்து
சாம்பல் லாரிகள் வந்தன,
தார்ப்பாய் கட்டியும் கட்டாமலும்.

எங்கோ கிழக்கே, நான் பார்த்திராத ஊரில்
யாருடைய வயலையோ கீறிக் கரி எடுத்தார்கள்.
அது கப்பலேறி, ரயிலேறி, எரிந்து
என் டியூப்லைட்டாகி,
மிச்சம் இங்கே வந்து இறங்கியது.
அந்த ஊர்க் குழி அப்படியே இருக்கும்.
இந்த ஊர்க் குழி மேடாகிவிட்டது.
ஒரு சாண் ஆழத்தில் மண் நிறம் மாறியது,
நனைந்த எருமைத்தோல் மாதிரி.

ஒன்பது இடத்து மண்ணை ஒன்றாகக் கொட்டி
வட்டமாகப் பரப்பி, கூட்டல்குறி கீறி
எதிரெதிர்க் கால்பங்கைத் தள்ளி,
மறுபடி பரப்பி, மறுபடி தள்ளி,
கடைசியில் அரைக்கிலோ.
"பாகம் பிரிக்கறப்ப எங் கொழுந்தனும்
இப்படித்தான் கோடு கிழிச்சான்.
எனக்கு வந்தது குழிப்பக்கம்."

கிளம்பும்போது கிழங்கு அவித்து வைத்திருந்தாள்.
ஆவி போகாத மரவள்ளி,
உப்போடு நுணுக்கிய வரமிளகாய்.
"நம்ம காட்டுதுதான். சேகோ மில்லுல
பாயிண்டு கம்மின்னு திருப்பிட்டான்."
படித்த படிப்பு தொண்டையில் நின்றது.
சட்டையில்லாத ஒரு பையன்
இரண்டாம் துண்டை எடுத்துக்கொண்டிருந்தான்.
தின்றேன்.
நன்றாக இருந்தது.
அதை எழுத
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

அமிலத்தில் கொதித்து மண் தண்ணீரானது.
இயந்திரம் அதை உறிஞ்சி
பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் போல்
பெயர் பெயராகக் கூப்பிட்டது.
காட்மியம்: உள்ளேன்.
நிக்கல்: உள்ளேன்.
குரோமியம் இரண்டு குரலில் சொன்னது.
பாறையின் பிறவிக்குணம் எவ்வளவு,
சாம்பலோடு வந்தது எவ்வளவு,
எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.
ஈயம்.
ரசச் சொம்பு ஈயம் இல்லை, அது வெள்ளை.
இது காரீயம்.

கோதண்டம் சார் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
"ஈயம் பூசுன மாதிரியும் இருக்கணும்,
பூசாத மாதிரியும் இருக்கணும்மா, ரிப்போர்ட்டு."
சொன்ன பிறகுதான்
என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.
எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

வேடியம்மாள் போனில் கேட்டாள்.
"கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்" என்றேன்.
"எங் காட்டுல எத்தன கிலோ மண்ணு இருக்கும்?"
யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.
ஏக்கருக்கு, ஒரு சாண் ஆழம் வரை,
ஒன்பது லட்சம் கிலோ.
பெருக்கினேன். சொல்லவில்லை.
"செரி, அத விடு. கெழங்கப் புடுங்கலாமா?"
"இன்னும் டெஸ்ட் பாக்கணும்னு..."
என் நாக்கில் ஈயம் பூசியிருந்தது.
அந்தப் பக்கம் கோழி கூவியது.
பேலன்ஸ் தீர்ந்ததா, அவளே வைத்தாளா, தெரியாது.

ஆறு மாதம் ஆனால்
மிச்ச மாதிரியைக் கழித்துவிடலாம் என்பது விதி.
பாக்கெட்டோடு ஆபீஸ் பின்வாசலில் நின்றேன்.
எதிரே ஏற்காட்டு மலை,
பாதி வரை மேகம்.
இந்தப் பக்கம் போர் பைப்,
அந்தப் பக்கம் வாட்ச்மேன் போட்ட கத்தரிச்செடி நாலு.
ஒன்றில் பூ விட்டிருந்தது.

திரும்பி வந்து
அலமாரியிலேயே வைத்தேன்,
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்.